நாற்பது இருட்டுப் படங்கள்

சரியாக ஒரு மணிக்கு ஃப்ரிட்ஜுக்குள்ளே கேமரா டக்கென்று கண்ணைத் திறந்த சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. செங்கோட்டுவேலு சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்து ஃப்ரிட்ஜுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். இனி மூணு மணி வரைக்கும் இந்தக் கதவில் எவன் கை வைக்கிறானென்று பார்த்துவிடலாம். நடுத்தட்டில் பால் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், முகத்தில் மூடியோடு கேமரா உட்கார்ந்திருக்கிறது. கதவு ரப்பரில் நசுங்கி வெளியே வந்த வயரின் மறுமுனை அவன் மடியிலிருக்கும் லேப்டாப்பில் செருகியிருக்கிறது. மூணு நிமிடத்துக்கு ஒரு படம், மொத்தம் நாற்பது. எதைப் படம் எடுக்கிறது? ஒன்றுமில்லாததை. வெளியாள் கேட்டால் கீழ்ப்பாக்கத்துக்கு வண்டி ஏற்றிவிடுவான். ஆனால் கும்மிருட்டில் மூடியைப் போட்டு வைத்தாலும் இந்தச் சனியன் பிடித்த கேமரா எதையோ பார்க்கத்தான் செய்யும். சிவப்பாய், பச்சையாய், நீலமாய்ப் பொட்டுப் பொட்டாக, கீழ் மூலையில் செம்மண் தண்ணீரைக் கொட்டின மாதிரி ஒரு தேசலாக. எல்லாம் அதன் உடம்புச் சூட்டில் அது தானாகக் கட்டிக்கொள்ளும் கதை. வானத்தைப் படம் எடுக்கிற அவன் சங்கத்தில் அதற்கு நாய்ஸ் என்று பேர். வானத்தை எடுத்தபோது கேமராவில் என்ன சூடு இருந்ததோ அதே சூட்டில், அதே மூணு நிமிடத்துக்கு மூடி போட்டு எடுத்தால் அந்தப் பொட்டு மட்டும் தனியே சிக்கும், டார்க் என்பது இந்த மூடிப் படம்தான். அதை வானத்துப் படத்திலிருந்து கழித்துவிட வேண்டியது. போன வாரம் கொல்லிமலையில் வானத்தை எடுத்த ராத்திரி கேமரா காட்டிய சூடு பதினாறு டிகிரி. நாமக்கல்லில் மத்தியான வெயிலில் பதினாறுக்கு எங்கே போவது, இந்தப் பெட்டியை விட்டால்? காலை பதினொன்றிலிருந்து ஃப்ரிட்ஜின் குளிர்த் திருகைத் திருப்பித் திருப்பி, கதவைச் சாத்திச் சாத்தி, ஒருவழியாய்ப் பதினாறில் நிறுத்தியிருக்கிறான். முதல் படம் லேப்டாப்பில் வந்து விழுந்தது. சூடு: 16. ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இன்னும் முப்பத்தொன்பது. வரட்டும், வரட்டும், ஒவ்வொன்றாக வரட்டும், அந்த மாசிலாமணி வாயில் மண்ணைப் போட நாற்பது போதும். பரமத்தி ரோட்டில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறவனுக்கு வானம் என்ன வேண்டிக் கிடக்கிறது? நாலு வருசத்துக்கு முன்னால் சங்கத்துக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையில் நோட்டும் பேனாவுமாய், சார் சார் என்று குழைந்துகொண்டு. வந்ததே பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அந்த நோட்டுக்காரன் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுகிறான். குதிரைத்தலை நெபுலா, வானத்துப் புகைமேகம். மூணு மணி நேரத்தில் எடுத்ததாம். சிவப்புத் திரைக்கு முன்னால் கறுப்புக் குதிரை முகம், பிடரி மயிர்கூடத் தெரிகிறது, எங்கேயும் ஒரு பொட்டில்லை, ஒரு தேசலில்லை, துடைத்துவிட்ட தட்டு மாதிரி. ஐம்பது பேர் கை தட்டுகிற பொம்மையும் இதயப் பொம்மையுமாய்க் கொட்டுகிறார்கள். அதே ராத்திரி, அதே மலை, அதே மாடல் கேமரா, பத்தடி தள்ளி நின்று செங்கோட்டுவேலுவும் அதே குதிரையை அறுபது படம் எடுத்து அடுக்கியிருக்கிறானே, அது ஏன் சொறி பிடித்த குதிரையாய் வந்தது? பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது, அதை இல்லையென்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தச் சூட்டோடுதான் குழுவில் எழுதினான்: மாப்பிள்ளை தலையை வேறு உடம்பில் ஒட்டத் தெரிந்தவருக்குக் குதிரைத் தலையை ஒட்டத் தெரியாதா. நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேர் சிரிப்பு வியாழக்கிழமை முழுக்க இனித்தது. நேரே கேட்டும்விட்டான்: இண்டர்நெட்டில் எந்தப் பெரிய தொலைநோக்கியின் படத்தை எடுத்து ஒட்டினீர்கள், ஒவ்வொரு படமாகக் கொண்டுவந்து காட்டுங்கள். அப்போதுதான் அந்த மடையன் வசமாய் மாட்டினான். அறுபதையும் அழித்துவிட்டானாம். ஆல்பம் கைமாறினதும் கார்டைக் காலி பண்ணுகிற ஸ்டூடியோ வழக்கம், அடுக்கி முடித்த படம் நன்றாக வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டானாம். செங்கோட்டுவேலுவுக்குச் சிரிப்புச் சிரிப்பாய் வந்தது.

டக். ஐந்தாவது. 16. எதிர்ச் சந்தில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகூட இரும்புத் தகட்டைப் போட்டுச் சாத்துகிறான்கள், ஒவ்வொரு அடியும் பின்மண்டையில் விழுகிறது. லாரி ஓடினாலென்ன, கவிழ்ந்தாலென்ன. சங்கத் தலைவர் ருக்மாங்கதன் சார் பிசிக்ஸ் புரொபசராய் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தராசில் வைத்துப் பார்க்கிற ஆள், வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னார். "வேலு, ஒரே மாடல் கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ராத்திரி. அவர் ஃபைல் போச்சு, உங்களது இருக்கு. நீங்க அன்னிக்கு மலையில டார்க் எடுக்கல, அவர் எடுத்தார். இப்ப வீட்டுல வச்சு முறையா எடுங்க. நாற்பது எடுங்க. நாற்பதும் பதினாறுல இருக்கணும், ஒண்ணு ஏறினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அடுக்கிக் கொண்டாங்க. உங்க படம் அவர் படத்துப் பக்கத்துல வந்துச்சுன்னா, எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு நீங்க மன்னிப்புக் கேக்கணும். வரலேன்னா மாசிலாமணி பேரைச் சங்கத்துலருந்து எடுத்துடறேன்." அதற்கு அந்த மாசிலாமணி ஏதாவது எதிர்த்துப் பேசினானா, குதித்தானா, கும்பிட்டானா? ஒன்றுமில்லை. "சேரிங்க சார். எனக்கு வேற சாட்சி இல்லீங்க. வேலு சார் படந்தான் சொல்லோணும்" என்றான். இவனை நம்பி! இத்தனை திட்டின பிறகும், ஏதோ கோயில் உண்டியலில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி நம்பி! கையை ஓங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஆனால் ஒன்று, ஆறு மணிக்குச் சொறிக் குதிரையைக் கொண்டுபோய்த் திரையில் போட்டுவிட்டால் முடிந்தது. ஸ்டூடியோக்காரன் ஒட்டினான் என்பது நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தை பிறந்தால் முகூர்த்தம், எந்தப் பெண்வீட்டுக்காரன் பித்தலாட்டக்காரனைக் கூப்பிடுவான் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது, அதை அவன் கண்டுகொள்ளவில்லை.

"ஏனுங்க." கோகிலவாணி சமையலறை நிலைப்படியில் நின்றாள், கறுப்புக் கண்ணாடியோடு. அவன் பொண்டாட்டிக்கு வலது கண்ணில் புரை எடுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. "பன்னண்டு மணிச் சொட்டு ஊத்த மறந்தே போயிட்டனுங்க. கொழம்பு தாளிக்கற மும்முரத்துல. மருந்து உள்ள கதவுல இருக்குதுங்க. ஒரு நொடியில எடுத்துக்கட்டுங்களா?" அவனுக்கு மூக்கு விடைத்தது. காலையிலேயே தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னானா இல்லையா, பாலை எடுத்துக்கோ, தயிரை எடுத்துக்கோ, பூவை எடுத்துக்கோ, ஒரு மணிக்கு மேல் இந்தக் கதவு இல்லையென்று நினைத்துக்கோ என்று? "ஒனக்கெத்தன தடவ சொல்றது? கதவத் தொறந்தா சூடு ஏறிப்போகும், அத்தனையும் குப்பை. நாலு மணிச் சொட்டோட சேத்து ஊத்திக்க." "டாக்டரு நேரந் தவறக் கூடாதுன்னாருங்க. கண்ணு வேற மணலு உறுத்தறாப்புல இருக்குது." "ரெண்டு மணி நேரத்துல கண்ணு அவிஞ்சா போயிடும்? போ, போய்ப் படு." அவள் போய்விட்டாள். அதுதான் அவளிடம் வசதி, இரண்டாம் வார்த்தை பேச மாட்டாள். அதுதான் அவளிடம் பிடிக்காததும். நாலு வார்த்தை திருப்பித் திட்டினால் கணக்கு நேராகிவிடும், அவள் திட்டாமல் போய்ப் படுத்துக்கொண்டால் திட்டினது இங்கேயே, ஃப்ரிட்ஜுக்கும் நாற்காலிக்கும் நடுவில், போகாமல் நின்றுகொண்டிருக்கிறது. ஆபரேசன் புதன்கிழமை. மலைக்குப் போனது சனிக்கிழமை. கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தவள்தான் அவனுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அமாவாசை யாருக்காகவும் காத்திருக்காது என்று அவன் சொன்னான், ஆமாங்க என்றாள். ஆஸ்பத்திரிக்காவது போனானா? போகாமல் என்ன, கொண்டுபோய் விட்டான், பாலிடெக்னிக்கில் லேப் பரீட்சை இருந்தது, லேப் பொறுப்பாளன் இல்லாமல் எப்படி நடக்கும்? அதுவும் இல்லாமல் அது இருபது நிமிட ஆபரேசன். இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? மாசிலாமணி ஒரு பை சாத்துக்குடியோடு வந்து, தங்கச்சி எப்படி இருக்குது என்று கேட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான், அதனால்தான் ஞாபகம் வருகிறது. எல்லாவற்றுக்கும் அவன்தான் காரணம்.

டக். எட்டாவது. 16. மலை ஞாபகம் வந்தால் குளிர்தான் முதலில் வருகிறது, முட்டியில் ஊசி போட்டு ஏற்றின மாதிரிக் குளிர். ராத்திரி ஒன்றரைக்கு அறுபதாவது படம் முடிந்தது. மாசிலாமணி லென்ஸுக்கு மூடியைப் போட்டான், திரும்ப எண்ணத் தொடங்கினான். இன்னும் ரெண்டு மணி நேரம் மூடிப் படம் எடுக்கப் போகிறானாம், அந்தக் குளிரில், ஒரு ஸ்டூலில் குந்திக்கொண்டு. "மூடியப் போட்டுட்டுப் படம் புடிக்கற மூதேவிய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று செங்கோட்டுவேலு சொன்னது கூட வந்திருந்த மற்ற இரண்டு சங்கத்துக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரிதான். மாசிலாமணி சிரித்துக்கொண்டான். இவன் காருக்குள் போய்ச் சீட்டைச் சாய்த்துத் தூங்கினான். எதற்கு எடுக்க வேண்டும், வீட்டில்தான் போன வருசம் மே மாதம் மொட்டை மாடியில் எடுத்த நூறு டார்க் பத்திரமாய் இருக்கிறதே? நாலு மணிக்கு விழிப்பு வந்தபோது மேலே ஒரு கம்பளி. தன்னுடையது இல்லை. கண்ணாடிக்கு வெளியே மாசிலாமணி சட்டையோடு உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்பளியை எடுத்துப் பின்சீட்டில் வீசிவிட்டு மறுபடி கண்ணை மூடினான், குளிரில் தூக்கம் வரவில்லை, ஆனாலும் எடுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை, விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவன் தர்மம் எவனுக்கு வேண்டும்? அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது, வேண்டாமென்றாலும் அங்கேதான் போய் நிற்கும் மனசு. போன வருசம் சங்கத்தில் செங்கோட்டுவேலுவின் வகுப்பு. நாய்ஸைக் குறைப்பது எப்படி. வருசா வருசம் அவன்தான் எடுப்பான், முப்பது பேர் வருவார்கள். படத்தை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும் நட்சத்திரம் நிற்கும், இங்கொன்றும் அங்கொன்றுமாய்த் தெறிக்கிற பொடி தானே அடங்கும், நாலு அடுக்கினால் பாதி, பதினாறு அடுக்கினால் கால். ஆனால் ஒரே இடத்தில் குந்தியிருக்கும் பொட்டு அறுபதல்ல, அறுநூறு அடுக்கினாலும் போகாது, அதற்குத்தான் மூடிப் படம். அருமையாய்ச் சொல்லிக்கொண்டு வருகிறான், மே மாத டார்க்கைத் திரையில் காட்டுகிறான், கடைசி வரிசையில் கை எழுகிறது. "சார், ஒரு சந்தேகமுங்க. மே மாச வெயில்ல எடுத்த டார்க்கு மார்கழிக் குளிருக்கு ஆகுமுங்களா?" முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும். ருக்மாங்கதன் சார்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். மாசிலாமணி கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம்தான் கேட்டான், நோட்டில் எழுதிக்கொள்ளப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பத்தாவது படம் விழுந்ததும் செங்கோட்டுவேலுவால் சும்மா இருக்க முடியவில்லை. கை அரித்தது. நாற்பதும் வரட்டும் என்று இருந்திருந்தால் மூணு மணி வரைக்குமாவது நிம்மதியாய் மாசிலாமணியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கலாம். வந்த பத்தை வைத்து ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்போமே, சொறி எவ்வளவு போகிறதென்று. குதிரை இருக்கிற நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டான், முழுசும் போட்டால் லேப்டாப் முக்கும். அறுபதிலிருந்தும் அந்தப் பத்தின் சராசரியைக் கழித்து அடுக்கச் சொல்லிவிட்டுப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பன்னிரண்டாவது டக். பதிமூன்று. பட்டறையில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, சத்தம் நின்றது, நின்றதும் ஃப்ரிட்ஜ் மோட்டார் உறுமுவது பெரிதாய்க் கேட்டது. உள்ளறையில் கோகிலவாணி புரண்டு படுத்தாள். கறிக்குழம்பு வாசனையில் வயிறு இரைந்தது, அவள் இன்னும் சாப்பிடவில்லை, இவன் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள், யார் வேண்டாமென்றது. பச்சைக் கோடு முட்டியது. படம் திறந்தது. முதலில் அவனுக்கு என்ன தோன்றியதென்றால், தப்பான ஃபைலைத் திறந்துவிட்டோம், இது மாசிலாமணி படம். மேலே பேரைப் பார்த்தான். அவனுடையதுதான். பொட்டு இல்லை. செம்மண் தேசல் இருந்த இடத்தில் நல்ல கறுப்பு. சிவப்புத் திரை மெழுகினது போல விரிந்து கிடந்தது, அதற்கு நடுவில் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, பிடரி மயிரோடு. மாசிலாமணி படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தான். பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். வியாழக்கிழமை ராத்திரி, இந்த இடத்தில் ஒட்டியிருக்கிறான் பார் என்று தானே வட்டம் போட்டு வைத்த இடம், கழுத்துக்குக் கீழே ஒரு மெல்லிய புகை இழை, இயற்கையில் இப்படி வராது என்று ருக்மாங்கதன் சாரிடம் அடித்துச் சொன்ன இழை, இங்கேயும் இருந்தது. அதே வளைவு. பத்து டார்க்குக்கே இப்படியென்றால் நாற்பதுக்கு?

நல்ல படம்தான். இருபது வருசமாய் எடுக்கிறான், இப்படி ஒன்று அவன் கையால் வந்ததில்லை, அதை நினைத்துச் சந்தோசப்படக்கூட விடாமல் குறுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறான் அந்தப் பாவி. ஒட்டவில்லை. பொய் சொல்லவில்லை. குளிரில் ரெண்டு மணி நேரம் குந்தியிருந்தான், அவ்வளவுதான் அவன் செய்த பித்தலாட்டம். அப்படியானால் ஆறு மணிக்கு என்ன? எழுந்து நிற்க வேண்டும். நின்று? மாசிலாமணி அவர்களே என்று ஆரம்பிப்பதா, மாசிலாமணி என்றா, சார் என்றா? முப்பது தலை திரும்பும். போன வருசம் சிரித்த அதே முப்பது தலை. நாய்ஸ் பற்றி வகுப்பெடுக்கிறவனுக்கே மூடி போட்டு ஒழுங்காய் எடுக்கத் தெரியவில்லையாம், எடுத்தவனைத் திருடன் என்றானாம். அடுத்த வருசம் வகுப்பு யார் எடுப்பார்கள்? அவன்தான். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, வேலு சார் சொல்லிக் கொடுத்ததுதானுங்க என்று வேறு சொல்லுவான், சொல்லக்கூடிய ஆள்தான், கட்டிப்பிடித்தாலும் பிடிப்பான். மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பாதியில் விட்டான். ஐம்பத்தொரு வயதில் இன்னொருத்தனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதாய் ஞாபகமே இல்லை, கோகிலவாணியிடம்கூட இல்லை. வெள்ளோட்டப் படத்தை அழித்தான். அழித்தால் என்ன, நாற்பதும் முடிந்தால் திரும்ப வரும், எத்தனை தடவை அடுக்கினாலும் இந்தக் குதிரைதான் வரும். நாற்பதும் முடிந்தால். டக். பதினாறாவது. 16. ஒன்று ஏறினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். மணி ஒன்று நாற்பத்தெட்டு. இப்போது கெட்டுப்போனால் மறுபடி பதினாறுக்கு இறங்க ரெண்டு மணி நேரம், எடுக்க ரெண்டு மணி நேரம், ஆறு மணிக்கு நேரமில்லை, மாசிலாமணிக்குச் சாட்சியுமில்லை. அவன் எதையும் செய்யப்போவதில்லை. அவன் என்ன அயோக்கியனா? நாலு பேர் குடியிருக்கிற வீடு, ஃப்ரிட்ஜ் என்றால் திறக்கத்தான் செய்வார்கள், உள்ளே தூங்குகிற சின்ன மகள் எழுந்து வந்து தண்ணீருக்குத் திறக்கலாம், கரண்ட் போகலாம். அவன் கரண்ட் போகட்டும் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை, போகவில்லை. மகளும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, கோகிலவாணி கண் ஞாபகம் வந்தது.

"கோகிலா." குரல் மெதுவாய் வந்தது, அவனுக்கே புதுசாய் இருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். "கண்ணு இன்னும் உறுத்துதா?" "கொஞ்சமுங்க." "கதவத் தொறந்து மருந்த எடுத்துக்க." அவள் நகரவில்லை. "முடிஞ்சுதுங்களா?" "முடியல. பரவால்ல, எடுத்துக்க." "வேண்டாமுங்க. காத்தால பதினொரு மணியிலிருந்து இதுக்குக் காவல் கெடக்கறீங்க. இன்னும் ஒரு மணி நேரந்தானே, பொறுத்துக்கறேன். எனக்காவ அது கெட்டுப்போவ வேண்டாம்." கெட்டுப்போக வேண்டாமாம்! அரைமணி நேரத்துக்கு முன்னால் கெஞ்சினவள் இப்போது பெருந்தன்மை காட்டுகிறாள், இந்த வீட்டில் ஒரு காரியமாவது நினைத்தபடி நடக்கிறதா? "எடுன்னா எடுடி!" என்று கத்திவிட்டான். அவள் பயந்துபோய் வந்தாள். ஃப்ரிட்ஜ் முன்னால் குந்தி, கதவை ஒரு கை நுழையுமளவு மட்டும் திறந்து, உள்ளே பார்க்காமலே துழாவி மருந்தை உருவிக்கொண்டு, ரெண்டு கையாலும் கதவை அமுக்கி மூடினாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படம் விழுந்தது. 16. "ஏறலீங்களே?" என்று எட்டிப் பார்த்தாள். "ஏறல" என்றான். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவனுக்கு.

எழுந்தான். லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னான். ஃப்ரிட்ஜ் கதவை முழுசாய்த் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான், உள்விளக்கு பளிச்சென்று கேமரா மேல் விழுந்தது, குளிர் காற்று பாதத்தில் இறங்கிப் போனது. ஒரு வாய் குடித்தான். கதவை விடவில்லை. "ஐயோ, மூடுங்க! உங்க படம்!" "போனாப் போவுது." "என்னங்க இது, மூடுங்க." "உன்ற கண்ணு பன்னண்டு மணியிலிருந்து காஞ்சு கெடக்குது, நான் மூடியப் படம் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். உனக்கு மேலயா இதெல்லாம்?" அது இவ்வளவு நன்றாக வருமென்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடங்கலில்லாமல், இருபத்திரண்டு வருசமாய்த் தினம் சொல்லிப் பழகினவன் போல வந்தது. கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். பிறகு மருந்தை அவனிடம் நீட்டி, "நீங்களே ஊத்தியுடறீங்களா?" என்று கேட்டாள்; இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு தடவையும் கேட்டதில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை விரித்து வைத்துக்கொண்டாள். இடது கையால் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு வலது கையால் ஊற்றினான். முதல் சொட்டு இமையில் விழுந்து வழிந்தது, இரண்டாவது கண்ணுக்குள் போனது. டக்கென்றது கேமரா. லேப்டாப்பில் 19. அவள் மூடின கண்ணிலிருந்து மருந்தும் கண்ணீருமாய்க் காதுவரை ஓடியது, அவள் துடைக்கவில்லை. "ஆறு மணிக்கு அவங்கல்லாங் கேட்டா என்னங்க சொல்லுவீங்க? அந்த மாசிலாமணியண்ணன் வேற உங்க படத்தத்தானே நம்பிட்டிருக்காரு." "வீட்டுல கதவத் தொறந்துட்டாங்கன்னு சொல்லிக்கறேன்." "ஆமாங்க" என்றாள் கோகிலவாணி, கண்ணைத் திறக்காமல், சிரித்துக்கொண்டு. "என் பேரச் சொல்லிருங்க. நாந்தான் தொறந்தேன்னு சொல்லிருங்க, அந்தண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."